ஓடும்போது மட்டும் வரும் சத்தம்

என் அக்கா வீட்டுக்காரருக்குக் காரில் பாட்டு காதில் விழுந்தால் போதாது, வயிற்றில் இடிக்க வேண்டும். வங்கியில் நாள் முழுக்கத் தாழ்ந்த குரலில் பேசிப் பேசி மனுஷன் இப்படி ஆகிவிட்டாரோ என்னவோ. எனக்கோ கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டுவதுதான் தொழில். இப்படி ஒரு மாமாவும் மச்சானும் சேர்ந்தால் அந்தக் கார் என்ன பாடுபடும்? டிக்கியில் ஒரு பை வைக்க இடமில்லை என்று அக்கா புலம்புவாள். நாங்கள் காதில் போட்டுக்கொள்ள மாட்டோம்.

"பேஸ் வருது மாப்ள, ஆனா குத்து இல்ல. கொழகொழன்னு இருக்கு" என்பார் மாமா. வாராவாரம் இதே பாட்டுதான். எனக்கும் ரோஷம் வந்துவிடும். அந்த ஆழ்ந்த பேஸ் ஒலியைத் தரும் சப்வூஃபர் பெட்டியை டிக்கியில் திருப்பி வைத்தேன். ஆம்ப்ளிஃபயரின் அளவைக் கூட்டிக் குறைத்தேன். கதவுகளுக்குள்ளும் தரையிலும் கனமான ரப்பர் தாள் ஒட்டினேன். நம்பர் பிளேட் அதிர்ந்தது, அதன் பின்னால் பஞ்சைத் திணித்தேன். வண்டியில் எது முனகினாலும் தேடிப் பிடித்து அதன் வாயை அடைப்பதில் நான் கெட்டிக்காரன். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

இதற்கு நடுவில் அக்கா ஒரு புகார் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓட்டும்போது ஊம் என்று ஒரு சத்தம் வருகிறதாம். இந்த ஊம் எங்கள் தொழிலுக்குப் பழைய பகையாளி. ஆம்ப்ளிஃபயரின் எர்த் வயர் சரியாகப் பிடிக்காவிட்டால் ஸ்பீக்கர் இப்படித்தான் இழுக்கும். அக்கா சொன்னதும் எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. வயர் பிடிக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, புது வயர் போட்டு இறுக்கினேன். பிறகு காரைக் கடைக்குள் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, அவளை உட்கார வைத்தேன்.

"எங்க, இப்ப கேக்குதா?"

"இப்ப இல்ல. ஓடும்போதுதான்டா."

"இன்ஜின் ஓடிட்டுதானேக்கா இருக்கு?"

"இன்ஜின் இல்லடா, வண்டி ஓடும்போது. வேகமா போனா ஜாஸ்தியாகுது. வளைவுல ஒரு மாதிரி மாறுது."

மாமா சிரித்தார். "அவளுக்கு பேஸ்னாலே ஆகாது மாப்ள. விடு."

எங்கள் கடையில் எல்லாச் சோதனையும் நிற்கிற வண்டியில்தான் நடக்கும். காற்றும் டயரும் போடும் இரைச்சல் இல்லாமல் கேட்டால்தான் ஸ்பீக்கரின் குணம் தெரியும் என்பது எங்கள் கணக்கு. நின்ற வண்டியில் சத்தம் இல்லை, ஆகவே சத்தமே இல்லை. அக்கா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். அப்புறம் அதைப் பற்றி அவள் அதிகம் பேசவில்லை. வழிக்கு வந்துவிட்டாள் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

போன சனிக்கிழமை, குத்து ஏன் குறைகிறது என்பதை ஒருவழியாகக் கண்டுபிடித்தேன். சப்வூஃபர் பெட்டியின் ஒரு மூலையில் காற்று கசிந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டி, ஆம்ப் எல்லாவற்றையும் காரிலிருந்து கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தேன். மறுநாள் அக்கா மகளுக்கு நீச்சல் போட்டி. மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில். அக்காதான் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மாமா போகவில்லை. பெட்டி ஒட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டுமாம்.

நான் மூலைக்குப் பசை போட்டுக்கொண்டிருந்தபோது பெட்ரோல் பங்கிலிருந்து அக்கா கூப்பிட்டாள்.

"டேய், அந்த ஊம் இன்னிக்கு ரொம்ப இருக்குடா. இனிமே மலை ஏறணும். போகலாமா?"

கையெல்லாம் பசை. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, "அது ஆம்ப் இரைச்சல்க்கா. பாட்ட நிறுத்திட்டுப் போ" என்றேன்.

"பாட்டே போடலடா."

"போடலன்னாலும் வரும். ஒண்ணும் ஆகாது. பயப்படாம போ."

சரி என்று வைத்துவிட்டாள்.

பசை காய்கிறவரை மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "ஒரு தடவ வயர் குடுத்துக் கேட்டுருவோமா மாப்ள? ஆம்ப் எங்க?"

"மேசை மேல இருக்கு பாருங்க" என்று கையை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றது.

ஆம்ப் மேசை மேல் இருந்தது. பெட்டி என் காலடியில் இருந்தது. அந்தக் காரில் இரைவதற்கு எதுவுமே இல்லை.

"மாமா, அப்ப அக்காவுக்குக் கேட்டது எது?"

அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. வேகம் கூடினால் கூடும், வளைவில் மாறும். சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங். தேய்ந்த பேரிங் அப்படித்தான் முனகும். முற்றிப்போனால் சக்கரம் இறுகி நின்றுவிடும், இல்லையென்றால் கழன்றுகொண்டு போகும். மலையின் அந்தப் பக்கம் முழுக்க இறக்கம். காரில் அக்காவும் குழந்தையும்.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அக்கா போனை ஊமையாக்கிப் பைக்குள் போட்டுவிடுவாள். ஊரெல்லாம் மெச்சும் அந்த நல்ல பழக்கத்தை அன்று நான் வாய்விட்டுத் திட்டினேன். மாமா தன் போனிலிருந்து அடித்தார். அதுவும் மணியடித்து ஓய்ந்தது. கடையைப் பூட்டினேனா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பைக்கை எடுத்தேன்.

மாமா பின்னால் உட்கார்ந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்திருந்தார். "சீக்கிரம் போ மாப்ள" என்பார். அடுத்த நொடி, "மெதுவா, நாம விழுந்துடப் போறோம்" என்பார். நடுநடுவே போனைக் காதில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். மலையேற்றத்தில் ஒரு திருப்பத்தில் கூட்டம் நின்றது. பைக் தடுமாறியது. பஞ்சரான பேருந்துக்குப் பக்கத்தில் பயணிகள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். மாமா என் முதுகில் நெற்றியை வைத்துக்கொண்டார்.

நான் கதவுக்குள் ஒட்டிய தாள்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அந்தச் சக்கரம் இத்தனை நாளாகக் கத்தியிருக்கிறது. அதன் சத்தம் உள்ளே வராதபடி நானே பார்த்துப் பார்த்து அடைத்திருக்கிறேன். அவ்வளவு அடைப்பையும் மீறி அக்காவுக்குக் கேட்டிருக்கிறது என்றால், அது எவ்வளவு முற்றியிருக்க வேண்டும். பைக்கை இன்னும் முறுக்கினேன்.

உச்சியில், இறக்கம் தொடங்குவதற்குச் சற்று முன்னால், ஒரு டீக்கடை. அதன் ஓரத்தில் எங்கள் கார் நின்றது. அக்கா குழந்தைக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"வளைவுல வாந்தி எடுத்துட்டா. கொஞ்சம் தெளியட்டும்னு உக்கார வச்சேன். போட்டிக்கு வேற நேரமாச்சு, இப்பத்தான் கிளம்பப் போறோம்" என்றவள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க ரெண்டு பேரும் இங்க எதுக்கு? கடை தீப்பிடிச்சிருச்சா?"

மாமா மகளைத் தூக்கிக்கொண்டார். அவள் கனத்த பெண், ஆனாலும் இறக்கவில்லை. நான் ஜாக்கியை எடுத்து முன்சக்கரத்தைத் தூக்கினேன். மேலும் கீழுமாகப் பிடித்து அசைத்தேன். இம்மியும் அசையக் கூடாத சக்கரம், விழப்போகிற பல்லைப் போல ஆடியது. கையால் சுற்றிவிட்டதும் உள்ளே கரகரவென்று அரைத்தது.

எதையும் மறைக்காமல் அக்காவிடம் சொன்னேன். சத்தம் ஆம்பிலிருந்து வரவில்லை, நான் சொன்னது தப்பு, இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது வரை. கன்னத்தில் ஒன்று விடுவாள் என்று எதிர்பார்த்தேன். விட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அவள் குனிந்து, தானே சக்கரத்தைச் சுற்றிவிட்டாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். நின்றதும் இன்னொரு முறை சுற்றினாள்.

"அப்ப சத்தம் இருந்துதா?"

"இருந்துதுக்கா."

"நிஜமாவே இருந்துதா?"

"நிஜமாத்தான்."

அவள் டீக்கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்குத்தான் காதுல என்னவோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன்டா. வர்ற வியாழக்கிழமை காது டாக்டர்கிட்ட போறதா இருந்தேன். உங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லல. சொன்னா சிரிப்பீங்கன்னு."