விஷ்ராம் விட்டுவிட்ட அடி

வேலைநிறுத்தம் தொடங்கி அது இரண்டாவது மழைக்காலம். லால்பாக் ஆலைப் பகுதியில் எங்கள் பஞ்சாலை வாசலில் தினமும் காலை ஷிப்ட் நேரத்தில் விஷ்ராம் பாடுவான். நான் டஃப் மேளம் அடிப்பேன். ஆரம்பத்தில் சேர்ந்து பாடத் தெருவே திரண்டது. இப்போது ஏழெட்டுப் பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள்.

விஷ்ராம் தறிக்காரன். பாட்டுக் கட்டுவது அவனுக்குப் பேசுவது மாதிரி. அதனால் எல்லோருக்கும் அவன் ஷாஹிர், ஜனங்களின் பாட்டுக்காரன். முதலாளியின் புதுக் காரைப் பற்றி அவன் கட்டிய பாட்டில், வேலைக்குத் திரும்புகிறவர்களைக் கேட்கும் அடிதான் ஜனங்களுக்கு ரொம்பப் பிடித்தது:

கதவு திறக்குது, காலு கூசலையா?
கூட நின்னவன் பசிச்சுக் கிடக்க
கவளம் எடுக்கக் கை கூசலையா?

அதைக் கேட்டால் போலீஸ் காவலோடு உள்ளே போகிறவன் தலை தானாகக் குனியும்.

அன்று தூறிக்கொண்டிருந்தது. போலீஸ் வேனுக்குப் பின்னால் நூல் சுற்றும் பிரிவுப் பெண்கள் நாலைந்து பேர் வந்தார்கள். அவர்களில் ஒருத்தி இந்து, விஷ்ராமின் மனைவி. மற்றவர்கள் முக்காடு போட்டிருந்தார்கள். அவள் போடவில்லை. கையில் சாப்பாட்டு டப்பா.

அடுத்து வரவேண்டியது அந்த அடி. விஷ்ராம் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். நான் மட்டும் அடித்துக்கொண்டிருந்தேன்.

"என்ன ஷாஹிர், நேத்து என் மச்சான் உள்ள போனப்ப பாடினியே. இன்னிக்குத் தொண்டை கட்டிக்கிச்சா?" என்றான் சுவரோரம் நின்ற பாண்டு.

இந்து நின்றாள். "பாடுங்க. எனக்கும் சேத்துத்தானே கட்டினீங்க? சீக்கிரம் பாடுங்க, சங்கு ஊதிடும்."

விஷ்ராம் அவளைப் பார்க்காமல் பாண்டுவிடம் சொன்னான்: "அது வயிறு நிறைஞ்சிருந்தப்ப கட்டினது பாண்டு. விட்டுடு."

அவள் உள்ளே போய்விட்டாள்.

"வேலைக்குப் போறதை இந்து உன்கிட்ட சொல்லவே இல்லையா?" என்று நான் பிறகு கேட்டேன்.

"சொன்னா. சின்னவன் பள்ளிக்கூடத்துல மயங்கி விழுந்த அன்னிக்கே சொன்னா. நான் தலையை ஆட்டிட்டு பாட்டு யோசிச்சிட்டிருந்தேன்."

சாயங்காலம் அவனைத் தனியே விட மனமில்லாமல் அவன் அறைக்குப் போனேன். தலையெல்லாம் பஞ்சுத்தூசோடு இந்து பாக்ரி ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் இருவருக்கும் வெங்காயத்தோடு வைத்தாள். விஷ்ராம் தட்டையே பார்த்தான்.

"சாப்பிடுங்க. திட்டிட்டுச் சாப்பிட்டாலும் சரி."

அவன் ஒரு விள்ளல் பிய்த்தான்.

"உள்ளே நாங்களும் உங்க பாட்டைத்தான் பாடறோம். மெஷின் சத்தத்துல மேஸ்திரிக்குக் கேக்காது" என்றாள் அவள்.

"எதை?"

"கார் பாட்டை. எங்களைத் திட்டற அடியை மட்டும் எடுத்துட்டோம்."

"அதை எடுத்தா தாளம் இடிக்குமே."

"இடிக்குதுதான். அந்த இடத்துல எல்லாரும் இருமிக்கறோம். இருமல்தான் எப்பவும் இருக்கே."

விஷ்ராம் சிரிக்கப் பார்த்தான். முகம் ஒத்துழைக்கவில்லை. இன்னொரு பாக்ரி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

மறுநாளும் வாசலுக்குப் போனோம். அந்த அடியை அவன் பிறகு பாடவே இல்லை. யாரும் கேட்கவும் இல்லை. வேலைநிறுத்தம் முடிந்தது என்று எவரும் அறிவிக்கவில்லை. திரும்பப் போக முடிந்தவர்கள் உள்ளே போனார்கள், மற்றவர்கள் ஊருக்கு ரயிலேறினார்கள். விஷ்ராமை ஆலை திரும்ப எடுக்கவில்லை. இந்துவுக்கு டப்பா கட்டிக் கொடுத்துவிட்டு அவளோடு நடந்தே வருவான். அவள் உள்ளே போனதும் வாசலில் நின்று பாடத் தொடங்குவான். அடுத்த மழைக்கு நானும் கொங்கணத்தில் எங்கள் ஊருக்கு நாற்று நடப் போய்விட்டேன்.