முந்நூற்றுப் பதினேழு ஜன்னல்கள்

அந்தக் கப்பலுக்கு முந்நூற்றுப் பதினேழு ஜன்னல்கள். எல்லாம் வட்டம், மிளகு அளவு. ஒவ்வொன்றையும் என் புருஷன் சதீஸ் கைத்துளைப்பானால் துளைத்து, உள்ளே கண்ணாடித் தாள் ஒட்டினார். எண்ணிச் சொன்னதும் அவர்தான், சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, என்னமோ பிள்ளை பெற்றவர் மாதிரி. எங்கள் பின்காம்பராவுக்கு, பிள்ளை படுக்கிற அறைக்கு, ஒரு ஜன்னல்கூட இல்லை. எனக்குக் கோபம் வராதா? வந்தது.

ருவான்வெல்லைக்கு மேலே ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால், நான் அதில் பால் வெட்டுகிறேன், அவ்வளவுதான். லயத்து வரிசையில் ஆறாவது வீடு. வாசலுக்கு மூன்றடி முன்னால் மண்மேடு சரியாமல் கட்டிய கல்சுவர். பின்னால் நல்ல திறந்த சரிவு, ஆனால் அந்தப் பக்கம் ஒரு துவாரம் கிடையாது. மழை மாதங்களில் பின்சுவர் முழுக்கப் பூஞ்சணம். என் மகள் நிலுக்ஷிக்கு ஒன்பது வயது, இழுப்பு வரும். வந்தால் உட்கார்ந்தபடியே கிடப்பாள், படுக்க முடியாது. ஆஸ்பத்திரி டொக்டர் மருந்து எழுதிவிட்டு, “ரூமுக்குக் காத்து வரணும், ஒரு ஜன்னல் வைங்க” என்றார். சொல்வதற்கு அவருக்கென்ன!

லயம் கம்பெனிச் சொத்து. ஆறு வருஷமாக ஜன்னலுக்கு மனுக் கொடுக்கிறேன். ஆறு வருஷமும் தோட்ட மேனேஜர் துரையிடமிருந்து ஒரே பதில். கட்டடத்தில் மாற்றம் செய்ய அனுமதி இல்லை, ஒரு கல்லை அசைத்தாலும் விசாரணை. சங்கத்துத் தலைவர் “பேசுவோம்” என்றார். இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.

இந்த நிலையில்தான் கப்பல் வந்தது. பழைய துரை பங்களாவை வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் விடுதியாக மாற்றினார்கள். கொழும்பில் இருக்கும் டைரக்டருக்கு யுத்தக் கப்பல் பைத்தியம். 1942இல் ஜப்பான்காரன் மட்டக்களப்புக் கடலில் குண்டு போட்டு மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அவருடைய விடுதி ஹாலில் நிற்க வேண்டுமாம். எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவில், ஒரு ஆணி குறையாமல். ரப்பர் ஸ்டோரில் தச்சு வேலை பார்க்கும் சதீஸிடம் வரைபடங்களைக் கொடுத்தார்கள். அன்றாட வேலை பதியும் செக்ரோலில் கப்பல் கட்டும் வேலைக்குப் பெயர் இல்லாததால் புல்வெட்டு என்று போட்டார்கள். ஒன்றரை வருஷம் என் புருஷன் புல் வெட்டியே கப்பல் கட்டினார்.

“ஸ்டோர்லயே கட்டலாமேங்க?” என்று கேட்டேன்.

“அங்க புகை, அசிட் ஆவி. பெயின்ட் கெட்டுப்போகும்னு துரை சொல்லிட்டாரு.”

கப்பலுக்கு மூச்சு முட்டக் கூடாது, பாருங்கள். அதனால் அது எங்கள் பின்காம்பராவுக்கு வந்தது. நிலுக்ஷியின் பாய் கப்பலுக்கு அடியில் போனது.

ரப்பர் பலகையில் அடிக்கட்டை போட்ட அன்றே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. கப்பல் எட்டடி நாலங்குலம். பின்காம்பராக் கதவு ஒரு மூலையில், முன்கதவு மறு மூலையில், அதைத் தாண்டினால் கல்சுவர். விறகு தூக்கித் தூக்கிப் பழகியவள் நான், எது எந்த வாசலில் திரும்பும் என்று தெரியும். இது திரும்பாது. கப்பலின் ஒவ்வொரு கம்பியையும் அளந்த மனுஷன் சொந்த வீட்டு வாசலை அளக்கவில்லை. நான் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்ல வேண்டும்?

“நல்லா நீளமா வருதுங்க,” என்றேன்.

“பாத்தியா கலா!” என்று பூரித்துப்போனார்.

பழுதான மோட்டாரின் செப்புக் கம்பியில் கைப்பிடி வேலி, பேனாக் குழாயில் பீரங்கி. சாம்பல் நிறத்துக்காக மூன்று தடவை பூசிச் சுரண்டினார். கடைசியாக ஆறு விமானங்கள், இரட்டை இறக்கை, மடக்கி விரிக்கலாம். பொய் சொல்லக் கூடாது, அழகாகத்தான் இருந்தது.

விடுதி திறப்பு சனிக்கிழமை. புதன்கிழமை காலையில் எட்டுப் பேர் கப்பலைத் தூக்கினார்கள். முன்காம்பராவில் மூக்கு நுழைந்தது, அதோடு நின்றது. நிமிர்த்தினால் கொடிக்கம்பமும் பீரங்கியும் உதிரும். துரை வந்து, “கொஹொமத எளியட்ட கன்னே?” என்று சிங்களத்தில் கத்தினார். எப்படி வெளியே எடுப்பது என்று எட்டுப் பேரும் சதீஸைப் பார்த்தார்கள். இரண்டாக அறுத்து ஒட்டலாமே என்று ஒருத்தன் சொல்ல, என் புருஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம்தான். ஆனாலும் நான் பின்சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

துரை கொழும்புக்குப் போன் போட்டார். அரை மணி நேரம். “பின்சுவரை உடைங்க,” என்றார்.

“அனுமதி வேணுமேங்க துரை?” என்று பணிவாகக் கேட்டேன்.

“கெடைச்சிருச்சி.”

ருவான்வெல்லை பஸாரிலிருந்து மேசன் மஹ்ரூப் பாஸ் வந்து நாலடிக்கு நாலடி உடைத்தார். தூறலில் கப்பல் வெளியே போனது. துரை தான் நனைந்துகொண்டு கப்பலுக்குக் குடை பிடித்தார். அந்தப் பெரிய ஓட்டை வழியாகக் காற்று உள்ளே வந்தது. நிலுக்ஷி தலையை நீட்டி, “அம்மா, இங்கருந்து ஆத்தைப் பாக்கலாம்!” என்றாள். எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

“நாளைக்கு பாஸ் வந்து பழையபடி மூடிருவார்,” என்று சொல்லிவிட்டுத் துரை போனார்.

மூடுவாரா? விமானங்கள் ஆறையும் நான் முன்பே எடுத்துப் பெரிய பிஸ்கட் டின்னில் ஒளித்து வைத்திருந்தேன். விமானமில்லாமல் விமானந்தாங்கி எப்படித் திறப்பு விழா காணும், பார்க்கலாம் என்று இருந்தேன்.

மறுநாள் மஹ்ரூப் பாஸ் செங்கல்லோடு வந்தார். “நான் என்ன செய்ய தங்கச்சி, மூடச் சொல்லி ஓடர் வந்தீக்கி,” என்றார், முகத்தைப் பார்க்காமல். “ஒரு மணி நேரம் பொறுங்க பாஸ்,” என்று டின்னைத் தூக்கிக்கொண்டு பங்களாவுக்கு ஏறினேன்.

டைரக்டர் கப்பலைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் துரையும் சதீஸும். நான் சிங்களத்திலேயே சொன்னேன்; தமிழில் சொன்னால் துரை மாற்றிச் சொல்லிவிடுவார். “ஐயா, பிளேன் எல்லாம் என்கிட்ட இருக்கு. என் புள்ளைக்கு மூச்சு விட ஒரு ஜன்னல் வச்சுக் குடுங்க, தர்றேன்.”

டைரக்டர் சிரித்தார். “பிளேன் வேண்டியதில்லையம்மா. மூழ்கின அன்றைக்கு இதில் ஒரு பிளேன்கூட இல்லை. இப்போதுதான் கப்பல் சரியாக இருக்கிறது. என்ன நுணுக்கம் உன் புருஷனுக்கு!”

என் புருஷன், அந்தக் கழுதை, தானே யோசித்துச் செய்தது போலத் தலை குனிந்து கும்பிட்டார். செங்கல் அடுக்கும் சத்தம் அங்கேயே கேட்கிற மாதிரி இருந்தது.

“அடுத்தது,” என்றார் டைரக்டர், “இதன்மேல் விமானங்களை அனுப்பின ஜப்பான் கப்பல்களில் ஒன்று, அக்காகி. எதிரே வைக்கணும். பன்னிரண்டடி வரும்.”

நான் டின்னைக் கீழே வைத்தேன். “அதை எங்க வச்சுக் கட்டறதுங்க ஐயா?”

“அதே காம்பராவில்தான்,” என்றார் துரை.

“அப்ப அது வெளிய வர?”

டைரக்டர் துரையைப் பார்த்தார். துரை தரையைப் பார்த்தார். சுவரைக் கட்டி மறுபடி உடைப்பது வீண் செலவு என்று டைரக்டருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. என் பிள்ளையின் மூச்சு ஆறு வருஷமாகப் புரியவில்லை.

மறுநாளே பாஸ் நிலையும் கதவும் வைத்துக் கொடுத்தார், நாலடிக்கு நாலடி. கடிதமும் வந்தது: கப்பலை வெளியே எடுப்பதற்கான தற்காலிக ஜன்னல், கப்பல் முடிந்ததும் மூடப்படும்.

சதீஸ் ரம்பத்துக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். “கை பழகிருச்சு கலா. ஒரு வருஷத்துல முடிச்சிருவேன்.”

ஜன்னலுக்குக் கீழே நிலுக்ஷி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள், மல்லாந்து.

“இதுக்கு எத்தனை ஜன்னலுங்க?”

“ஆயிரத்துக்கு மேல இருக்கும்.”

“ஒண்ணொண்ணா போடுங்க. அவசரமே இல்ல. புள்ள கலியாணம் கட்டிப் போற வரைக்கும் போடுங்க,” என்றேன். பிறகு அவருடைய துளைப்பானை எடுத்து, பிஸ்கட் டின்னில் விமானங்களுக்கு அடியில் வைத்து மூடினேன்.