விளிம்பு வரைக்கும் தேநீர்

ஆளுக்குத் தகுந்தபடி பாடத்தை மாற்றித் தருவோம் என்று பெருமையடித்த அந்த இணையப் படிப்பு, பெகிமாயை மக்கு என்று முடிவு கட்டிவிட்டது. மருந்துக்கடை உதவியாளர் படிப்பில் பாதிக்கு மேல் தாண்டியிருந்தவளை மறுபடி மறுபடி முதல் பாடத்துக்கே இழுத்துக்கொண்டு போனது. அவள் ஊரான நரினின் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடை வேலை அவளுக்காகக் காத்திருந்தது. இந்த மாதம் தேறாவிட்டால் அது வேறொருத்திக்குப் போய்விடும்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தலைநகர் பிஷ்கெக்கில் அந்தப் படிப்பை நடத்தும் நுர்கிசை ஒருநாள் தொலைபேசியில் பிடித்தாள். பெகிமாய் அடிக்கடி பாடத்தை நிறுத்துகிறாளாம். நிறுத்தினால் புரியவில்லை என்று கணினி எடுத்துக்கொள்ளுமாம்.

"எந்த இடம் புரியல, சொல்லுங்க."

"எல்லாம் புரியுது. டீ ஊத்த எந்திரிக்கிறேன்."

நுர்கிஸ் சிரித்துவிட்டாள். அவளும் ஒரு வீட்டுக்கு மருமகளாகப் போனவள்தானே. அந்த ஊர் வழக்கப்படி, கிண்ணத்தில் பாதிக்கும் குறைவாகத் தேநீர் ஊற்றுவதுதான் மரியாதை. தீரத் தீர மருமகள் எழுந்து ஊற்ற வேண்டும். நிறைத்து ஊற்றினால், குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். பெகிமாயின் மாமியார் உல்கான் ஒரு நாளைக்குக் குடிக்கும் தேநீரில் ஓர் ஆட்டையே குளிப்பாட்டலாம்.

"ஆளுக்கேத்த பாடம்னு பீத்திக்கிட்டோம். ஆளு எந்த வீட்ல இருக்குன்னு பாக்கவேயில்லை," என்றாள் நுர்கிஸ்.

அந்த வாரமே பாடங்கள் சின்னச் சின்னத் துண்டுகளாயின. நிறுத்தினால், புரியவில்லையா, வேலையா என்று கணினி கேட்டது. 'வேலை' என்று தட்டித் தட்டியே பெகிமாய் கடைசிப் பாடம்வரை ஏறிவிட்டாள். ஆனால் தேர்வின் நடுவே எழுந்தால் போச்சு. அதை மாற்றத் தனக்கு அதிகாரமில்லை என்று நுர்கிஸ் அன்றே தொலைபேசியில் கைவிரித்திருந்தாள். பக்கத்தில் ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்த உல்கான் அதைக் காதில் வாங்கியதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

தேர்வு நாளன்று பார்த்து உல்கானின் நாத்தனார்கள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார்கள். பெகிமாய், வேலை கைநழுவிவிட்டது என்றே நினைத்துக்கொண்டு, தேநீருக்கு வெந்நீர் கொதிக்கும் சமோவார் அருகே உட்கார்ந்து முதல் கிண்ணத்தைப் பாதிகூட நிரப்பாமல் மாமியாரிடம் நீட்டினாள்.

உல்கான் வாங்கவில்லை. "நெறைய ஊத்து," என்றாள்.

நாத்தனார்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "என்ன அண்ணி, எங்கள வெரட்டுறீங்களா?" என்றாள் மூத்தவள்.

"நீங்க உக்காருங்க. போக வேண்டியது அவ. அவளுக்குப் பரீட்சை." பிறகு மருமகளைப் பார்த்து, "எல்லாருக்கும் விளிம்பு வரைக்கும் ஊத்திட்டுப் போ," என்றாள்.

பெகிமாய் அவசர அவசரமாக ஊற்றினாள். விரிப்பெல்லாம் சிந்தியது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தேர்வு முடியும்வரை ஒருவரும் அவளைக் கூப்பிடவில்லை.

வெளியே வந்தபோது விருந்தாளிகள் அப்படியே இருந்தார்கள். கிண்ணங்கள் காலியாகிக் கிடந்தன.

"தேறிட்டியா?"

தேறிட்டேன் அத்தே என்று சொல்ல வாயெடுத்தவளுக்கு அழுகைதான் வந்தது. அத்தனை நாள் பாரமும் இறங்கிய அழுகை. தலையை மட்டும் ஆட்டினாள்.

உல்கான் தன் கிண்ணத்தை நீட்டினாள். "அப்ப இனிப் பழையபடி பாதி ஊத்து."