ஆயில் சொட்டுகளின் இடைவெளி

லூர்தம்மாள் டீச்சரின் எட்டாம் வகுப்பில் பாதிக் கணக்கு தரையில்தான் நடக்கும். ஒரு பேரிங் சக்கர வண்டி, அதில் கட்டிய ஓட்டை டப்பா, டப்பாவுக்குள் சுண்ணாம்புத் தண்ணீர். தொப்பூர் கணவாயை ஒட்டிய பள்ளிக்கூடம், சரிவுக்குப் பஞ்சமில்லை. வண்டியை உருட்டிவிட்டால் தண்ணீர் சீராகச் சொட்டும். சொட்டுக்குச் சொட்டு இடைவெளி கூடினால் வண்டி வேகமெடுக்கிறது. குறைந்தால் எதுவோ பிடித்து இழுக்கிறது. ஒவ்வொரு இடைவெளியின் நீளத்துக்கும் ஒரு நூலை வெட்டி அட்டையில் வரிசையாக ஒட்டுவார்கள். வண்டி ஓடிய விதம் படிக்கட்டு மாதிரி கண்ணுக்குத் தெரியும்.

நிரூபணத்துக்கும் ஒரு சட்டம் வைத்திருந்தாள். இடப்பக்கம் படி, வலப்பக்கம் காரணம்.

"காரணம்னு போட்டு, டீச்சர் சொன்னாங்கன்னு எழுதினா முட்டைதான். நானே தப்பா சொல்லியிருந்தா என்னா பண்ணுவீங்க?"

பிள்ளைகள் சிரிக்கும்.

ஆடி மாதம் அவள் தம்பி செபாஸ்டின் ஓட்டிவந்த லாரி, கணவாய் இறக்கத்தில் பாஞ்சாலி என்ற கூலிக்காரியை அடித்துக் கொன்றுவிட்டுப் பள்ளத்தில் நொறுங்கியது. பாஞ்சாலியின் மகள் கண்ணம்மாள், லூர்தம்மாளின் வகுப்பில் முதல் பெஞ்சு.

ஜாமீனில் வந்த செபாஸ்டின் அக்காவின் அதியமான்கோட்டை வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"மேட்டுலேயே எஞ்சினை ஆஃப் பண்ணி நியூட்ரல்ல உட்டுட்டேன்க்கா. டீசல் மிச்சம் புடிக்க எல்லாரும் பண்றதுதான். அந்தம்மாவைப் பாத்து மிதிச்சேன். பிரேக்கு புடிச்சுது. பத்தல."

"போலீசுல என்னடா சொன்ன?"

"கியர்லதான் வந்தேன், பிரேக்கு சுத்தமா புடிக்கலன்னு. வண்டிக் கோளாறுன்னா கேஸ் நிக்காதுன்னு வக்கீலு சொல்லிக்குடுத்தாரு. லாரியே நசுங்கிப் போச்சு, இனி யாரு பாத்துச் சொல்லப்போறா? நான் உள்ள போனா மூணு புள்ளைங்களும் நடுத்தெருவுலக்கா."

அவள் சோறு போட்டாள்.

பத்து நாள் கழித்துக் கண்ணம்மாள் பள்ளிக்கு வந்தாள். கையில் நீளமான அட்டை. அந்த லாரி, அடியில் ஆயில் ஒழுகிக்கொண்டே ஓடிய வண்டி. அது கிடந்த பள்ளத்திலிருந்து கருப்புச் சொட்டுகளைப் பிடித்துக்கொண்டே ரோட்டில் மேலே ஏறி, கயிறு போட்டு அளந்து, அடிக்கு அரை அங்குலம் என்று நூல் வெட்டி ஒட்டியிருந்தாள். நூல்கள் மேட்டிலிருந்தே நீண்டுகொண்டு வந்தன. கடைசி எட்டு மட்டும் வரவரக் குட்டையாகின.

கீழே எழுதியிருந்தாள். டிரைவர் சொன்னதுபோல் பிரேக் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இறக்கத்தில் இடைவெளி குறையாது. ஆனால் குறைந்திருக்கிறது. ஆகவே பிரேக் பிடித்தது. ஒவ்வொரு படிக்கும் எதிரே காரணம் இருந்தது.

"தப்பு இருந்தா சொல்லுங்க டீச்சர். இல்லன்னா கையெழுத்துப் போட்டுக் குடுங்க. எங்கப்பா ஸ்டேசனுக்கு எடுத்துட்டுப் போறேன்னாரு. கையெழுத்து இல்லன்னா புள்ள கிறுக்குனதுன்னு வீசிருவாங்களாம்."

டிரைவர் யாருடைய தம்பி என்று வகுப்புக்கே தெரியும்.

லூர்தம்மாள் அட்டையில் தப்பைத் தேடினாள். இல்லை.

"தண்ணி சீரா சொட்டும். ஆயில் அப்படியில்ல. சூடானா இளகி வேகமா சொட்டும். அதான் கடைசியில நெருங்கியிருக்கு."

கண்ணம்மாள் யோசித்தாள். "அப்ப மேல இருந்தே கொஞ்சங்கொஞ்சமா நெருங்கிட்டு வரணும்ங்களே? அங்க அகண்டுகிட்டே போவுது. கடைசியில மட்டும் எப்படிங்க திடீர்னு சூடாவும்?"

டீச்சர் சிவப்பு மை பேனாவை எடுத்து அட்டையின் குறுக்கே 'தவறு' என்று எழுதினாள்.

"எந்தப் படிங்க டீச்சர்?"

"நான் சொல்றேன்ல, தப்பு. போய் உக்காரு."

அந்த வாரம் பெய்த மழை ரோட்டைக் கழுவிவிட்டது. பிரேக் கோளாறு என்று எழுதி போலீஸ் கேஸை முடித்தது. செபாஸ்டினுக்கு வேறொரு லாரி கிடைத்தது.

அரையாண்டுத் தேர்வில் முக்கோணத்தின் மூன்று கோணங்களைக் கூட்டினால் நூற்றெண்பது என்று நிரூபிக்கக் கேட்டிருந்தாள். கண்ணம்மாளின் தாளில் ஐந்து படிகளும் பிசகில்லாமல் இருந்தன. எதிரே, ஐந்து வரியிலும் ஒரே காரணம்: டீச்சர் சொன்னதால்.

தான் வைத்த சட்டப்படி முட்டை. லூர்தம்மாள் பத்துக்குப் பத்து போட்டாள்.

தாள் கொடுத்த அன்று கண்ணம்மாள் மார்க்கைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றாள்.

"மார்க்கு தப்பா போட்டிருக்கீங்க டீச்சர்," என்றாள். "எந்தப் படின்னு நான் சொல்லட்டுங்களா?"