ஜன்னலோரச் செம்பருத்தி

கோட்டுகளை வாங்கி வைக்கும் மேசைக்கு முன்னால் என் வீட்டுக்காரர் ரிமாஸ் ஒரு கையை மட்டும் கோட்டிலிருந்து உருவிவிட்டு, அடுத்த கையை உருவ மூச்சில்லாமல் நின்றுகொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டு ஏதோ பொத்தானைத் தேடுகிற மாதிரி ஒரு பாசாங்கு. மேசைக்குப் பின்னால் இருந்த பெண் எண் போட்ட பித்தளை வில்லையை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே இருந்தாள். "கோட்டோட உள்ள விட மாட்டாங்க. உள்ள வேகுது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தெரியும்மா. நாங்களும் இந்த ஊர்தான். கழட்டிட்டுத்தானே இருக்காரு, கண்ணு தெரியல?" என்று கத்திவிட்டேன்.

"விடுடி லைமா," என்றார் ரிமாஸ், நிமிராமலே. "அவ வேலைய அவ பாக்கறா." அதைச் சொல்லி முடிக்கவே அவருக்கு நடுவில் மூச்சு வாங்கவேண்டியிருந்தது.

டிராலிபஸ் நிறுத்தத்திலிருந்து தாவரவியல் பூங்காவில் வெப்பநாட்டுச் செடிகளைச் சூட்டில் வைத்து வளர்க்கும் கண்ணாடி வீடு கூப்பிடு தூரம்தான். வழியில் ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் நின்றார். கம்பத்தில் ஒட்டியிருந்த துண்டுச் சீட்டுகளையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தார். பூனையைக் காணோம், அறை வாடகைக்கு, அக்கார்டியன் விற்பனைக்கு. வாழ்நாளில் கடைசிப் பக்க விளையாட்டுச் செய்தியைத் தவிர எதையும் படிக்காத மனுஷன். அவர் படிக்கும்போதெல்லாம் நான் பனியில் குனிந்து என் பூட்ஸைச் சரிசெய்தேன். இந்தக் குளிர்காலம் முழுக்க எங்களுக்குள் இதுதான் ஏற்பாடு. அவர் படிப்பார், நான் குனிவேன். ஒருத்தரை ஒருத்தர் ஒன்றும் கேட்பதில்லை.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால் டாக்டர் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூட்டிப்போனார். பேரப்பிள்ளை வயசு இருக்கும் அவருக்கு. "நுரையீரல் இறுகிக்கிட்டே வருதும்மா. வசந்தத்துக்குன்னு எதுவும் திட்டம் போட்டு வெச்சுக்காதீங்க," என்றார். நான் உள்ளே வந்து, "சளிதானாம். வெயில் வந்தா சரியாயிடுமாம்," என்று ரிமாஸிடம் அளந்துவிட்டேன். அவர் தலையாட்டினார். அன்றிலிருந்து எனக்கு ஒரே பயம்தான், இது இவருக்குத் தெரிந்துவிடக் கூடாது. தினமும் தக்காளி விதைப் பொட்டலங்களை மேசையில் பரப்பி, எந்தப் பாத்தியில் எது என்று லொடலொடவென்று பேசிக்கொண்டிருக்கிறேன். இவருக்குத் தெரியாதவரைக்கும் அது முழுசாக நடந்துவிடாது என்று ஒரு நினைப்பு. பைத்தியக்காரத்தனம்தான். வேறென்ன செய்யச் சொல்கிறீர்கள்?

அதனால்தான் நேற்று அவராகவே, "நாளைக்குக் கண்ணாடி வீட்டுக்குப் போலாமா?" என்று கேட்டபோது கையிலிருந்த விதைப் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஒவ்வொரு ஜனவரியிலும் நான் அங்கே கிளம்பும்போது, "டிக்கெட் எடுத்து இலை பாக்கப் போறா" என்று கேலி செய்த ஆள்.

உள்ளே நுழைந்ததும் சூப்புப் பானையின் மூடியைத் திறந்த மாதிரி ஆவி முகத்தில் அடித்தது. இருவர் மூக்குக்கண்ணாடியும் வெள்ளையாகிவிட்டது. துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால், பனை உச்சி கூரையில் இடித்துக்கொண்டு நின்றது. கூரைக்கு மேலே பனி படிந்திருந்ததால் வெளிச்சம் சாம்பல் நிறமாக இறங்கியது. வாழை குலை தள்ளியிருந்தது. அதன் கீழே ஒரு குடும்பமே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது.

பெரணிச் செடிகளுக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்த காவல்காரி கிராஜினா என்னைப் பார்த்ததும், "வந்துட்டாய்யா திருடி! போகும்போது பையத் தெறந்து காட்டிட்டுத்தான் போகணும், சொல்லிட்டேன்," என்றாள்.

அவள் சொல்வதில் தப்பில்லை. எங்கள் ஜனங்களுக்குத் தெரிந்த விஷயம்தான் இது. திருடி வைத்த செடிதான் வேர் பிடிக்கும். யாராவது கையில் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு வாயைப் பொத்திக்கொள்ள வேண்டும். நன்றி சொல்லிவிட்டால் அந்தச் செடி பட்டுப்போகும். என் ஜன்னல் திண்டில் இருப்பதெல்லாம் திருட்டுச் சொத்து. பல் டாக்டரிடம் ஒன்று, தபாலாபீசில் ஒன்று, நகரசபையில் இரண்டு. ரிமாஸ் மின்சார மீட்டர் ஆய்வாளராக இருந்தவர். மீட்டரில் கைவைத்ததற்காக என் சொந்த அண்ணன் பெயரையே மேலே எழுதிப் போட்டவர். அண்ணன் இன்றுவரை எங்கள் வாசற்படி மிதிப்பதில்லை. நான் எங்கேயாவது ஒரு கிளையைக் கிள்ளினால் இவர் சட்டென்று விலகி, யார் பெத்த பிள்ளையோ என்கிற மாதிரி நடப்பார்.

போன இலையுதிர்காலத்தில் அவரோடு நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீட்டில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் என் செம்பருத்தி காய்ந்து குச்சியாகிவிட்டது. ஜன்னலை அடைத்து வளர்ந்த செடி. வெளியே பனி கொட்டும்போதும் சிவப்பாக ஒரு பூவாவது வைத்துக்கொண்டிருக்கும். தொட்டியைக் கட்டிக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் கதவருகே நின்று பார்த்துவிட்டுப் போனார்.

கண்ணாடி வீட்டுக்குள்ளேயே இருந்த சின்னக் குளத்தருகே பெஞ்சில் அவரை உட்காரவைத்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த ஈரச் சூடு அவருக்குள் இறங்கியது. உதட்டின் நீலம் மறைந்தது. மூச்சு நின்று நின்று வராமல் சாதாரண மனுஷர்களுக்கு வருவதுபோல வந்தது. எனக்குப் பாழாய்ப்போன ஆசை வந்துவிட்டது. டாக்டர் சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும் என்று தோன்றியது.

"இங்கயே ஒரு கட்டில் போட்டுத் தரச் சொல்லவாய்யா?" என்றேன்.

"கட்டில் எதுக்கு? கிராஜினா என்னைத் தொட்டியில நட்டு, லத்தீன்ல பேர் எழுதி வெச்சிடுவா." சிரித்தார். இருமல் வரவில்லை. "போடி, அந்த வாழைக்குலை எவ்வளவு பெருசாயிருக்குன்னு பாத்துட்டு வா."

போனேன். குழந்தை மாதிரி உற்சாகமாகப் போனேன். காய் விரல் நீளம்கூட இல்லை. அதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று திரும்பி வந்தால் பெஞ்சில் ஆளில்லை.

குளத்துக்குப் பின்னால் செம்பருத்திப் புதருக்குள் நின்றிருந்தார். கையில் காளான் பறிக்கக் கொண்டுபோகும் மடக்குக்கத்தி. கணுவுக்குக் கீழே சாய்வாக, நான் வெட்டுகிற மாதிரியே, ஒரு கிளையை வெட்டிக்கொண்டிருந்தார். கிராஜினா முக்காலியோடு சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து வேகவேகமாகப் பின்னிக்கொண்டிருந்தாள்.

"ஐயய்யோ, என்னய்யா பண்ற?"

"சத்தம் போடாத. மாட்டிக்கப் போறேன்." கைக்குட்டையை நீரில் நனைத்து வெட்டிய நுனியில் சுற்றினார். "உன்னோடது என்னாலதானே செத்துச்சு."

"போய்யா. அது உன்னாலயா செத்துச்சு…"

"கேளு. வேர் விட்டதும் கூடத்துல வெக்காத. அங்க வெளிச்சம் பத்தாது. சமையலறை ஜன்னல்கிட்ட என் நாற்காலி கிடக்குல்ல, அத எடுத்துட்டு அங்க வை. அங்கதான் நாள் பூரா வெயில் வரும்."

அந்த நாற்காலியை அவர் யாரையும் தொடவிட்டதில்லை. காலையில் எழுந்ததும் வந்து உட்காருகிற இடம் அது. அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் பயம் எதுவுமில்லை, வெறும் களைப்புதான். அவருக்கு எல்லாம் தெரியும். நான் வராந்தாவிலிருந்து உள்ளே வந்து சளி என்று சொன்னேனே, அன்றைக்கே தெரிந்திருக்கிறது. என் தக்காளிக் கதையையெல்லாம் எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

கிளையை நீட்டினார். என் கை தானாகப் போய் வாங்கியது.

"நன்றி," என்றேன்.

கிராஜினாவின் ஊசி நின்றது. "அடிப் பாவி," என்றாள் சுவரைப் பார்த்தபடியே, மெதுவாக.

ஆமாம், நான்தான் சொன்னேன். இத்தனை வருஷத்தில் யார் எந்தச் செடி கொடுத்தாலும் ஒருமுறைகூடத் தவறாத வாய், இன்றைக்குப் போய் அதைச் சொல்லிவிட்டது. ரிமாஸ் என்னையே பார்த்தார். பிறகு கத்தியை மடக்கிப் பைக்குள் போட்டார். "பரவால்லடி," என்றார். "வா, இருட்டறதுக்குள்ள போயிடலாம்."

இந்தத் தடவை அவர் கோட்டை நான்தான் மாட்டிவிட்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. கிளையை என் ஸ்வெட்டருக்கு உள்ளே, நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு மேலே எல்லாப் பொத்தான்களையும் போட்டேன். வெளியே குளிர் மூக்குக்குள் கிள்ளியது. நிறுத்தம் வரைக்கும் வந்ததும் அவர் கால அட்டவணைப் பலகையின் முன் நின்று படிக்க ஆரம்பித்தார். நான் குனிந்து பூட்ஸைப் பிடித்தேன்.

"அந்த பூட்ஸ்ல நாடாவே இல்லடி லைமா."

"உனக்கும்தான் அந்த அட்டவணை மனப்பாடம்."

"ஆமா," என்றார். ஆனாலும் பலகையிலிருந்து திரும்பவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. டிராலிபஸ் வந்து, கதவைத் திறந்து, கொஞ்சநேரம் காத்திருந்துவிட்டுப் போனது. குனிந்தபடியே கோட்டுக்குள் கைவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஈரக் கைக்குட்டை என் தோலில் சில்லிட்டுக் கிடந்தது. மேலே ஒரு இலை துவண்டு என் விரலோடு வந்துவிட்டது. அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டேன். அவருக்கு இன்னும் ஒரு வரி படிக்கப் பாக்கியிருந்தது.