மோந்த்ரிவின் மஞ்சள் சுற்று

மோந்த்ரிவ் ஊரைச் சுற்றிப்போகும் காட்டுப்பாதைக்கு மஞ்சள் குறி போட்டு முடித்த ஞாயிற்றுக்கிழமை, மரம்வெட்டி அன்செல்ம் பூர்தெல் அதை ஒருமுறை நடந்துவிட்டுத் தேவாலயச் சதுக்கத்துக்குத் திரும்பினார். அவர் திரும்பிவிட்டார், கால்கள் நிற்கவில்லை. ஏப்ரல் மாதம், ரொட்டிக்கடை மதியத்துக்கு மூடுகிற நேரம். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அவர் நடந்துகொண்டே இருந்தார்.

பாதை ஒன்பது கிலோமீட்டர். சதுக்கத்தில் தொடங்கி, அவருடைய வீட்டு வாசலை ஒட்டிப்போய், பழைய துணி துவைக்கும் கொட்டகையைத் தாண்டி, பீச் மரக்காட்டுக்குள் ஏறும். உச்சியில் பூட்டிக்கிடக்கும் சின்ன ஜெபக்கூடத்தைச் சுற்றி, கல்குவாரி விளிம்பில் இறங்கி, செஸ்ட்நட் தோப்பு வழியாக மறுபடியும் சதுக்கம். எங்கள் பக்கத்தில் இதற்கென்று முறை உண்டு. போக வேண்டிய வழியில் மரத்தில் மஞ்சள் கோடு, போகக்கூடாத வழியில் மஞ்சள் பெருக்கல் குறி. நடையாளர் சங்கம் அனுமதித்த ஆளைத் தவிர வேறு யாரும் பிரஷைத் தொடக்கூடாது. மோந்த்ரிவில் அந்த அனுமதி அன்செல்முக்கு மட்டும்தான். அவரும் வேலையில் சுத்தமானவர். கடைசிக் கோட்டை முதல் கோடு இருந்த மரத்திலேயே கொண்டுவந்து சேர்த்தார். எங்கேயும் ஒரு பெருக்கல் குறி போடாமல் டப்பாவை மூடினார். வட்டம் எங்கே முடிகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

பெயின்ட் காய்ந்ததா என்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன், மதியச் சூப்புக்கு இங்கே இருப்பேன் என்று மனைவி ஒதீலிடம் சொல்லித்தான் கிளம்பியிருந்தார். அப்படியே வந்தார். வாசலில் நின்றிருந்தவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தாண்டிப் போனார்.

முதல் வாரம் தீயணைப்புப் படையிலிருந்து நான்கு பேர் கயிறு போட்டு இழுத்துப் பார்த்தார்கள். நான்கு பேரும் ஜெபக்கூடம் வரை இழுபட்டுப் போய், பூட்ஸ் தேய்ந்து, பசியோடு இறங்கி வந்தார்கள். பாதிரியார் பின்னாலேயே ஜெபித்துக்கொண்டு போய் பீச் காட்டு ஏற்றத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டார். நகரசபை பாதை ஓரத்தில் ஆறு பெஞ்சு போட்டது. அவற்றில் உல்லாச நடைக்கு வந்தவர்கள் உட்கார்ந்தார்கள். அன்செல்ம் மழையில் நடந்தார், பனியில் நடந்தார், பன்றி வேட்டைக் காலத்தில் குண்டு படாமலிருக்க ஆரஞ்சு உடுப்பு போட்டுக்கொண்டு நடந்தார். தூக்கமும் நடையிலேயே. ஊர் பழகிக்கொண்டது. அவர் சதுக்கத்தைக் கடப்பதைப் பார்த்து ரொட்டிக்கடைக்காரர் அடுப்பைத் திறந்தார். உள்ளூர ஒரு எரிச்சல் மட்டும் இருந்தது. எங்கள் ஊரில் காளான் முளைக்கும் இடத்தை அப்பன் மகனுக்குக்கூடச் சொல்ல மாட்டான். அந்த இடங்கள் எல்லாவற்றையும் அன்செல்ம் ஒரு நாளைக்குப் பத்து தடவை பார்த்தார்.

ஒதீல் சூப் பாத்திரத்தோடு வாசலில் காத்திருப்பாள். அவர் வந்ததும் பக்கத்திலேயே நடந்து ஊட்டிவிடுவாள். வாசலிலிருந்து துவைக்கும் கொட்டகை வரை இருநூற்றுப் பத்து அடி. அவர்களுடைய குடித்தனம் அவ்வளவுதான். சட்டை மாற்றுவது, தலை வெட்டுவது, கோபித்துக்கொள்வது, லியோன் நகரத்துக்கு மகள் வேலைக்குப் போன செய்தி, எல்லாம் அந்த இருநூற்றுப் பத்து அடிக்குள்.

ஒன்பதாம் வருஷம் அவளுக்கு முழங்கால் வீங்கியது. இருநூற்றுப் பத்து அடி நூறு அடியாயிற்று, பிறகு அறுபது. பதினோராம் வருஷம் செப்டம்பரில் மருத்துவர் இனி வாசலைத் தாண்ட வேண்டாம் என்றார். வாசலில் நின்றால் அவர் கடந்துபோகும் நேரம் மூன்று மூச்சு. மறுநாள் காலை அவள் மருத்துவரை மீறி, தடியை ஊன்றிக்கொண்டு, கடைசியாக ஒரு தடவை அவரோடு நடந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லு. உன்னால நிக்க முடியலயா, இல்ல நிக்க மனசில்லையா?"

 கல்யாணமான நாளிலிருந்தே அவர் நாற்காலியின் விளிம்பில் உட்காருகிற ஆள்தான். விருந்து வீட்டிலும் கதவுப் பக்கமே நிற்பார். அது அவளுக்கும் தெரியும்.

"ரெண்டும்தான், ஒதீல்."

"அப்ப அந்தப் பிரஷை என்கிட்ட குடு."

பதினோரு வருஷமாக பிரஷும் டப்பாவும் அவருடைய இடுப்பில்தான் தொங்கின. அவள் எதற்குக் கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் கொடுக்கவில்லை. அவளை நாற்பதாவது அடியில் விட்டுவிட்டு மேலேறிப் போனார். அடுத்த சுற்றில் குனிந்துகொண்டே கடந்தார். அதற்கடுத்த சுற்றில் டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடந்தார். சங்கத்துக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று முணுமுணுத்தது அவளுக்குக் கேட்டது. "சங்கம் வந்து ஊட்டிவிடட்டும்" என்றாள். சாயங்காலம் நான்காவது சுற்றில் அவர் கண்ணை மூடிக்கொண்டு பிரஷையும் டப்பாவையும் வாசலில் உட்கார்ந்திருந்த அவள் மடியில் போட்டுவிட்டுப் போனார்.

வாசலுக்கு இரண்டடி தள்ளி, பாதை ஓரத்தில், பிளேன் என்கிற நிழல்மரம் ஒன்று. ஒதீல் நாற்காலியை அதுவரை இழுத்துப்போய் ஏறிநின்று, கட்டியாகிப்போயிருந்த மஞ்சளை எச்சில் விட்டுக் குழைத்து, பெருக்கல் குறி போட்டாள். கோணலான குறி. இரண்டரை மணி நேரம் கழித்து அன்செல்ம் வந்தார், மரத்தைப் பார்த்தார், நின்றார். குறியை மீறிப் பழக்கமில்லாத கால்கள். போவதற்கு மிச்சமிருந்தது திறந்திருந்த கதவு ஒன்றுதான்.

அவர் உள்ளே போய் நாற்காலியில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஒதீல் சூப்பை ஊற்றினாள். மூன்றாவது கரண்டியில் ஜன்னலுக்கு வெளியே துவைக்கும் கொட்டகை மெதுவாகக் கடந்துபோனது. அவர் நின்றுவிட்டார், பாதை நிற்கவில்லை. பின்னால் பீச் மரங்கள் வரிசையாக வந்தன. பிறகு ஜெபக்கூடம், கல்குவாரி, செஸ்ட்நட் தோப்பு. இரண்டரை மணி நேரத்தில் சதுக்கம் ஜன்னலுக்கு வந்து சேர்ந்தது. ரொட்டிக்கடைக்காரர் வாசலில் நின்று கையாட்டினார். அவர் முகத்திலும் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"கதவைச் சாத்தவா?" என்று அன்செல்ம் கேட்டார். மேசைக்கு அடியில் கால்விரல்கள் இன்னும் தாளம் போட்டன.

"காடு வர்றப்ப மட்டும் சாத்து, குளிருது" என்றாள் அவள்.

இப்போதும் அப்படித்தான். பூசைக்குப் போகிறவர்கள் எத்தனை மணிக்குத் தேவாலயம் எந்தப் பக்கம் இருக்கும் என்று தெரிந்துகொண்டு கிளம்புகிறார்கள். நகரசபைக்கு இதுவரை வந்த புகார் ஒன்றே ஒன்று. அக்டோபரில் பீச் காடு கடக்கும்போது, ஒதீல் வாசற்படியில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி, ஊரில் ஒருவர் விடாமல் எல்லாருடைய காளானையும் பறித்துக்கொள்கிறாள்.