பிளேடு இல்லாத கத்தி

இடுப்பு எலும்பை டாக்டர்கள் நன்றாகத்தான் பொருத்தியிருந்தார்கள். அப்பா கைத்தடி இல்லாமலே தன் சலூன் படி ஏறிவிட்டார். ஆனால் ஆபரேஷனுக்குக் கொடுத்த மருந்தில் மயங்கிப் போனவர் முழுதாகத் திரும்பி வரவில்லை.

"வயசானவங்களுக்கு இப்படி ஆகறதுண்டு. சிலருக்கு போகப்போகத் தெளியும். சிலருக்கு..." என்று டாக்டர் மகனிடம் இழுத்தார்.

முதல் நாள் அவர் நாற்காலியில் துணிந்து உட்கார்ந்தவர் லாரி டிரைவர், அப்பாவின் பால்ய சிநேகிதர். அப்பா வலக் கன்னத்தை வழித்தார். நுரை பூசி அதே கன்னத்தை மறுபடி வழித்தார். மூன்றாம் முறை ரத்தம் கசிந்தது.

"என்னடா, இன்னைக்கு கவனிப்பு பலமா இருக்கு?" என்றார் டிரைவர், கண்ணைத் திறக்காமலே. இடக் கன்னத்தில் நுரை காய்ந்திருக்க, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கிளம்பினார்.

மகன் பின்னாலேயே ஓடினான். "மன்னிச்சிடுங்க மாமா. இனிமே அவரைக் கத்தியைத் தொட விடமாட்டேன்."

"அதையும் பிடுங்கிட்டா அவன்கிட்ட மிச்சம் என்னடா இருக்கு? பிளேடை மட்டும் கழட்டிடு. நான் தினம் வர்றேன்."

சொன்னபடியே வந்தார். வீட்டிலேயே சவரம் செய்துகொண்டு, வழவழத்த முகத்தோடு வந்து உட்காருவார். அப்பா வெறும் கத்தியால் நுரையை வழிப்பார். பக்கத்து நாற்காலியில் வேலை பார்த்தபடியே மகன், கடவுளே, அப்பாவுக்குத் தெளியட்டும் என்று வேண்டிக்கொள்வான்.

ஒரு காலையில் அந்த வேண்டுதல் பலித்தது. அப்பாவின் கை பாதிக் கன்னத்தில் நின்றது. கத்தியைத் திருப்பிப் பார்த்தார். பிறகு கண்ணாடி வழியாக மகனைப் பார்த்தார். பழைய அப்பாவின் பார்வை. எல்லாம் புரிந்துவிட்ட பார்வை. ஏன் வேண்டினோம் என்று மகன் கண்ணாடியிலிருந்து பார்வையை விலக்கினான்.

"என்னடா, நின்னுகிட்டே தூங்கிட்டியா?" என்றார் டிரைவர்.

"வாயை மூடுடா. அசைஞ்சா வெட்டிடும்."

அப்பாவின் குரல் நடுங்கியது. கை நடுங்கவில்லை. இரண்டு கன்னத்தையும் விடாமல் வழித்து முடித்தார். காயமே இல்லாத தாடையில் படிகாரத்தைத் தேய்த்தார்.

"எரியுதா?"

"எரியுதுடா," என்றார் டிரைவர். கண் கலங்கியிருந்தது.

மறுநாள் டிரைவர் உள்ளே நுழைந்ததும் அப்பா நாற்காலியைத் துண்டால் தூசி தட்டினார்.

"வாங்க சார், உட்காருங்க. ஊருக்குப் புதுசா?"

டிரைவர் ஒரு கணம் வாசலிலேயே நின்றார்.

"ஆமாங்க," என்று சொல்லி வந்து உட்கார்ந்தார்.

மகன் பிளேடு இல்லாத கத்தியை எடுத்துக் கொடுத்தான்.